முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?

மோட்டார் பட்டறை: வாசகர் கேள்விகளும், கோவை கணபதியில் 37 வருடமாக மோட்டார் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டுகிற ஒருவரின் பதில்களும்

ஐயா, எங்கள் தோட்டத்தில் 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டெர்மினல் பெட்டிக்குள் ஒரே ஒரு ஒயர் மட்டும் கருகுகிறது. எலக்ட்ரீசியன் வந்து கருகியதை வெட்டிவிட்டு மறுபடி முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போகிறார். மோட்டாருக்குள்ளிருந்து வரும் லீடு ஒயர் இப்போது விரல் நீளம்தான் மிச்சம். கடையில் கேட்டால் பீங்கான் கனெக்டர் போடச் சொல்கிறார்கள். எதைப் போடுவது?
– தென்னை விவசாயி, ஆனைமலை

"விரல் நீளம்தான் மிச்சம்" என்கிறீர்களே, அதிலேயே பாதிக் கதை தெரிந்துவிட்டது. மோட்டார் புதிதாக வந்தபோது அந்தப் பெட்டிக்குள் ஒரு டெர்மினல் போர்டு இருந்திருக்கும். கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு சின்னப் பலகை, அதில் பித்தளை ஸ்டட்கள், அதாவது நட்டு மாட்டும் திருகுக் கம்பிகள். எப்போதோ ஒரு நட்டு லூசாகிச் சூடேறி, பலகை வெடித்திருக்கும். வந்தவர் கையில் புது போர்டு இல்லை. தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும் என்று நீங்களும் அவசரப்படுத்தியிருப்பீர்கள். போர்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மோட்டார் லீடையும் ஸ்டார்ட்டரிலிருந்து வரும் ஒயரையும் நேராக முறுக்கிவிட்டார். அன்றைக்கு ஓடியது. அந்த அவசர வைத்தியம்தான் இன்றுவரை நடக்கிறது.

முறுக்கிய ஜாயின்ட் ஏன் கருகுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 5 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார் முழு லோடில் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். ஜாயின்டில் உண்டாகும் சூடு, ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, அதை ஜாயின்டின் ஓம்ஸால் பெருக்கினால் வருவது. லூசான ஜாயின்டில் பத்தில் ஒரு பங்கு ஓம்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். 8 பெருக்கல் 8 பெருக்கல் 0.1, அதாவது 6.4 வாட்ஸ். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு அளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த 6.4 வாட்ஸும் டேப்புக்குள் பட்டாணி அளவு இடத்தில் மணிக்கணக்காக அடைபட்டுக் கிடக்கிறது. நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது ஆம்பியர் ஆறு மடங்கு போகும். அதாவது 48. இப்போது அதே கணக்கைப் போட்டால் 230 வாட்ஸ். சில நொடிதான், ஆனாலும் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஒரு அடி. செம்பு சூடாகி விரியும், ஆறிச் சுருங்கும், முறுக்கு இன்னும் கொஞ்சம் தளரும், ஓம்ஸ் ஏறும், அடுத்த முறை இன்னும் சூடு. போதாததற்கு மோட்டாரின் அதிர்வு. பி.வி.சி. டேப்பின் பசை இந்தச் சூட்டில் இளகி வழிந்துவிடும்.

ஒரு ஒயர் மட்டும் கருகுகிறது என்பதுதான் எனக்குக் கவலை. அது முழுசாக விட்டுப்போனால் மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டு ஓடும், இல்லையென்றால் கிளம்பாமல் முக்கும். காயில் போய்விடும். இப்படி எரிந்து பட்டறைக்கு வரும் மோட்டாரைப் பிரித்தாலே தெரிந்துவிடும். மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்ப்பது ஸ்டார், மூன்றையும் முக்கோணமாக இணைப்பது டெல்டா. ஸ்டாரில் கட்டியதாக இருந்தால் இரண்டு ஃபேஸ் காயில் கரியாகி, மூன்றாவது புதுசு போல மினுங்கும். டெல்டா என்றால் ஒன்று மட்டும் கருகி இரண்டு நன்றாக இருக்கும். "கரன்ட்டு ஏற்ற இறக்கம்ங்க" என்பார்கள். நான் டெர்மினல் பெட்டியைத் திறந்து காட்டுவேன்.

சரி, என்ன போடுவது? கனெக்டர் தேடுவதற்கு முன்னால் அந்த போர்டைத் திரும்பப் போடுங்கள். மோட்டார் மாடலையும் ஸ்டட்டுக்கு ஸ்டட் இடைவெளியையும் சொன்னால் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். விரல் நீள லீடை அப்படியே விடக்கூடாது. வைண்டிங் பட்டறையில் கொடுத்து, காயில் முனையிலிருந்தே புது லீடு வைத்து, எம்பயர் ஸ்லீவ் (ஒயர் மேல் ஏற்றும் வார்னிஷ் பூசிய காப்புக் குழாய்) ஏற்றிக் கட்டி வாங்குங்கள். அந்த லீடு சூடு தாங்கும் ஒயராக இருக்க வேண்டும். வீட்டு ஒயரிங்கில் போடும் சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரிக்குத்தான். காயிலோ பி கிளாஸ் என்றால் 130 டிகிரி, எஃப் கிளாஸ் என்றால் 155 வரை தாங்கும்படி செய்தது. அதற்குப் பக்கத்தில் 70 டிகிரி ஒயரை வைத்தால் கொஞ்ச நாளில் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

லீடு முனையில் ரிங் லக், அதாவது ஒயரில் அழுத்திப் பொருத்தி ஸ்டட்டில் மாட்டும் வளைய உலோகத் துண்டு. எங்கள் பக்கம் தம்பிள் என்றும் சொல்வோம். திறந்த வாய் உள்ள ஃபோர்க் லக் வேண்டாம். மாட்டச் சுலபம்தான், ஆனால் நட்டு ஒரு சுற்றுத் தளர்ந்தாலே நழுவி வெளியே வந்து பெட்டியின் உடம்பில் படும். ரிங் என்றால் நட்டு முழுக்கக் கழன்று விழும்வரை ஸ்டட்டை விடாது. 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயருக்கு 2.5 லக், ஸ்டட் 5 எம்எம் என்றால் ஓட்டையும் 5 எம்எம். கையில் இருக்கும் 6 ஸ்கொயர் லக்கில் ஒயரை இரண்டாக மடித்துத் திணிப்பது, சின்ன லக்கில் நுழையவில்லை என்று நாலு இழையை வெட்டிவிடுவது, இரண்டையும் நான் தினமும் பார்க்கிறேன். இரண்டும் கருகும்.

அப்புறம் அழுத்துவது. கட்டிங் பிளேயரால் நசுக்குவதும் சுத்தியால் தட்டுவதும் கிரிம்பிங் ஆகாது. முழுசாக அழுத்தும்வரை வாய் திறக்காத ராட்செட் வகை கிரிம்பிங் டூல் உள்ளவரைக் கூப்பிடுங்கள். லக்கின் குழாயில் நீளவாக்கில் ஒரு தையல் கோடு இருக்கும். அழுத்தும் பள்ளம் அதற்கு எதிர்ப்பக்கம் விழ வேண்டும். தையல் மேலேயே அழுத்தினால் குழாய் விரிந்துவிடும். அழுத்தியதும் ஒயரையும் லக்கையும் இரண்டு கையால் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வந்தது நல்லது.

மாட்டும் வரிசையிலும் ஒரு தப்பு நடக்கும். மோட்டார் லக், அதன் மேல் ஸ்டட்களை இணைக்கும் லிங்க் பட்டை இருந்தால் அது, அதன் மேல் சப்ளை லக். இவை ஒன்றன்மேல் ஒன்று நேராக உட்கார வேண்டும். அதற்கு மேலேதான் தட்டை வாஷர், ஸ்ப்ரிங் வாஷர், நட்டு. இரண்டு லக்குக்கு நடுவில் இரும்பு வாஷர் போட்டால் கரன்ட்டு அந்த இரும்பு வழியாகத்தான் போயாக வேண்டும். சூடு அங்கேதான் பிறக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் என்றால் ஆறு லீடு இருக்கும். கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி, போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பீங்கான் கனெக்டர் கெட்ட பொருளில்லை. ஹீட்டர், கீசர் மாதிரி அசையாமல் சூடாகும் இடத்துக்குச் செய்தது அது. அதில் திருகின் முனை நேராக இழைகளைக் குத்தும். அதிர்கிற மோட்டாரில் திருகு தளரும். பெட்டிக்குள் அது தொங்கிக்கொண்டுதான் கிடக்கும், திருகுத் தலையிலும் கரன்ட்டு இருக்கும். எனக்கு ஒப்பவில்லை.

மீட்டரிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வருவது அலுமினிய ஒயரா என்றும் பார்த்துவிடுங்கள். அலுமினியத்தையும் செம்பையும் சேர்த்து முறுக்கினால் ஈரம் பட்டு அரிக்கும். அலுமினியத்தின் மேல் படியும் வெள்ளைப் படலம் கரன்ட்டைத் தடுக்கும். அதற்கென்று ஒரு பக்கம் அலுமினியம், ஒரு பக்கம் செம்பு வைத்த பைமெட்டல் லக் இருக்கிறது.

எல்லாம் முடிந்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று லக்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே சூடாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்த ஜாயின்ட்டை மறுபடி பிரிக்க வேண்டியதுதான். பெட்டி மூடியின் கேஸ்கெட்டையும், கேபிள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டையும் மறக்க வேண்டாம். அந்த ஓட்டை திறந்து கிடந்தால் குளவி மண்கூடு கட்டும், பல்லி குடியேறும். பல்லி இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே படுத்தால் அதுவும் போகும், மோட்டாரும் போகும்.

வணக்கம் அண்ணா. நானும் வைண்டிங் தொழில்தான். முறுக்கி சால்டர் வைத்துவிட்டால் லக்கே தேவையில்லை என்று என் குரு சொல்வார். நீங்கள் லக் லக் என்று எழுதுகிறீர்கள். சால்டர் மட்டமா?
– வைண்டர், மதுரை

உங்கள் குரு சொன்னது காயிலுக்கு உள்ளே சரி தம்பி. எனாமலை நன்றாகச் சுரண்டி, முறுக்கி, சால்டர் ஓடவிட்டு, ஸ்லீவ் ஏற்றி, ஓவர்ஹேங்கோடு (காயில் வெளியே நீட்டி நிற்கும் பகுதி) சேர்த்துக் கட்டி வார்னிஷ் போட்டபின் அது அசையவே அசையாது. நானும் அப்படித்தான் செய்கிறேன். வம்பு வருவது திருகுக்கு அடியில்.

இதை நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம். சோமனூர் பக்கம் ஒரு தறிக்கூடம், 1 எச்.பி. தறி மோட்டார். ஒயர் முனையில் இழை பிரிந்து நிற்பது எனக்குப் பிடிக்காது. முனை முழுக்க ஈயம் பாய்ச்சி, வெள்ளிக் கம்பி மாதிரி ஆக்கி, டெர்மினல் திருகில் இறுக்கிவிட்டு வந்தேன். பார்க்க அவ்வளவு அழகு. முதலாளிகூடப் பாராட்டினார். நாலைந்து மாதம் கழித்து ராத்திரி ஷிஃப்டில் அந்தப் பெட்டியிலிருந்து பொறி பறந்து, மேலே படிந்திருந்த பஞ்சுத் தூசி பற்றிக்கொண்டது. தறி ஓட்டியவர் மெயினை இறக்கிவிட்டுச் சாக்கால் அடித்து அணைத்தார். ஒரு பாவு முழுக்கப் போனது. யாருக்கும் காயமில்லை. என் ஆசான் திட்டவில்லை. கழற்றிய திருகையும் ஒயரையும் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அந்த ஈயத்தில் திருகின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. ஈயம் மெத்தென்ற உலோகம். தொடர்ந்து அழுத்தினால் சூடில்லாமலேகூட மெல்ல நகர்ந்து கொடுக்கும். நகர்ந்ததும் திருகின் பிடி போய்விடும். பிடி போனால் சூடு. 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த சால்டர் 190 டிகிரி வாக்கில் முழுக்க உருகிவிடும். கெட்டுப்போன ஜாயின்டுக்கு அந்தச் சூடு பெரிய விஷயமில்லை. இன்னொன்று, சால்டர் ஊறிய இடம் கம்பியாக விறைத்துவிடும், அதை ஒட்டிய இடம் இழையாகவே இருக்கும். அதிர்வில் அந்த எல்லைக்கோட்டில்தான் இழை ஒவ்வொன்றாக ஒடியும்.

ஆகவே காயிலுக்குள் சால்டர், திருகில் லக். தறிக்கூடத்து மோட்டாராக இருந்தால் பெட்டி மூடியை நாலு திருகும் போட்டு மூடுங்கள். இரண்டு போதும் என்று நினைக்காதீர்கள்.

டில்டிங் கிரைண்டரில் ஒயர் விட்டுப்போய், தெருமுனைக் கடையில் வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டர் ஒன்று வாங்கி மாட்டினோம். ஒரே மாதத்தில் மஞ்சளாகி உருகிவிட்டது. மாவு ஆட்டப் பயமாக இருக்கிறது.
– வாசகி, திருப்பூர்

பயப்படுவது சரிதான் அம்மா, சரிசெய்யும் வரை ஆட்ட வேண்டாம். அந்த வெள்ளைக் கனெக்டர் பட்டையை டியூப் லைட்டுக்குப் போடலாம். கிரைண்டர் ஓடும்போது உடம்பு முழுக்க நடுங்குகிற பண்டம். உள்ளே திருகு தளர்ந்து சூடாகியிருக்கும்.

மெக்கானிக்கிடம் இப்படிக் கேளுங்கள்: "ஒயரோடு ஒயர் சேர்க்கும் குழாய் லக் போட்டு, டூலால் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றிக் கொடுங்கள்." கடையில் அந்தக் குழாய் லக்குக்கு இன்லைன் லக் என்று பெயர். ஹீட் ஷ்ரிங்க் என்றால் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய், அந்த ஸ்லீவை முதலிலேயே ஒயரில் நுழைத்துவிட வேண்டும். ஜாயின்ட் அடித்தபிறகு "அடடா" என்று தலையில் கை வைக்கிறவர்களில் நானும் உண்டு. பிறகு அந்த ஜாயின்ட்டைத் தொங்கவிடாமல், மோட்டார் உடம்பிலும் பெல்ட்டிலும் படாத இடமாகப் பார்த்து டையால் கட்ட வேண்டும்.

இன்னொரு வேலையும் சேர்த்துச் சொல்லுங்கள். எர்த் ஒயர் மற்ற இரண்டைவிட இரண்டு விரற்கடை நீளமாக இருக்கட்டும். யாராவது கால் தடுக்கி ஒயரை இழுத்தால் கரன்ட்டு ஒயர் முதலில் பிய்ந்து, எர்த் கடைசியாகப் பிய்ய வேண்டும். ஈரக் கையோடு தொடுகிற மெஷினில் இது முக்கியம். உங்கள் கிரைண்டரில் கெப்பாசிட்டர் இருக்கும். பிளக்கைப் பிடுங்கியபின்னும் அதில் கரன்ட்டு தங்கியிருக்கலாம். ஆகவே வீட்டில் யாரும் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து மகன் வந்தபோது ஒரு டப்பா நிறைய "வயர் நட்" கொண்டுவந்தான். கலர் கலராகத் தொப்பி மாதிரி இருக்கிறது, திருகினால் போதும் என்கிறான். நம் மோட்டாருக்குப் போடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

அங்கே வீட்டு ஒயரிங்கில் ஒற்றைக் கம்பிச் செம்பு ஒயர் அதிகம். தொப்பிக்குள் கூம்பு மாதிரி ஒரு ஸ்ப்ரிங் இருக்கும். அது ஒற்றைக் கம்பியை நன்றாகக் கடிக்கும். அங்கே சின்ன மோட்டாருக்கும் அதைப் போடுவார்கள். பெரிய மோட்டார் என்றால் இரண்டு ரிங் லக்கை முதுகோடு முதுகு வைத்து போல்ட் போட்டு, மேலே டேப் அடுக்குகிற வழக்கமும் அங்கே உண்டு. இன்ன தொப்பிக்கு இன்ன கேஜ் ஒயர் இத்தனை என்று டப்பாவிலேயே அட்டவணை இருக்கும். அது அவர்கள் ஊர் கேஜ் கணக்கு, நம்முடையது ஸ்கொயர் எம்எம். அவர்களுடைய 14 கேஜ் நம் 2 ஸ்கொயரைவிடக் கொஞ்சம் அதிகம். நம் கடையில் இருப்பதோ 1.5-உம் 2.5-உம். நம் மோட்டார் லீடு மெல்லிய பல இழை வேறு. கிணற்று மோட்டாருக்கு வேண்டாம். மகன் மனம் வருந்தாமல் இருக்க, வராந்தா விளக்குக்கு அட்டவணை பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

போர்வெல் 600 அடி. சப்மெர்சிபிள் மோட்டார் ஒயருக்கும் கேபிளுக்கும் போட்ட ஜாயின்டில் தண்ணீர் இறங்கி, ஒரே வருடத்தில் இரண்டு முறை மேலே தூக்கினோம். தூக்குகிற கூலியிலேயே பாதி மோட்டார் வாங்கியிருக்கலாம்.
– விவசாயி, பல்லடம்

உங்கள் பக்கத்துக்கு 600 அடி குறைவுதான். ஜாயின்ட்டின் மேல் 100 மீட்டர் தண்ணீர் நின்றால் அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 10 கிலோ. டேப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். வண்டி டயருக்குப் போடும் காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் இது நாலைந்து மடங்கு.

மூன்று ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வரக்கூடாது. மூன்று ஒயரையும் நீளம் மாற்றி வெட்டி, ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி ஜாயின்ட் வரும்படி செய்யுங்கள். உருண்டையும் சின்னதாக இருக்கும், ஒன்றில் ஈரம் இறங்கினாலும் அடுத்ததைத் தொடாது. செம்பு குழாய் லக், இரண்டு பக்கமும் டூலால் அழுத்தி, கூர்முனை இருந்தால் அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். மேலே ஏற்றும் ஸ்லீவ் சாதாரண ஹீட் ஷ்ரிங்க் அல்ல, உள்பக்கம் பசை தடவிய வகை. சூடு காட்டும்போது இரண்டு முனையிலும் பசை வளையமாகப் பிதுங்கி வெளியே வர வேண்டும். அது பிதுங்கவில்லை என்றால் அடைக்கவில்லை என்று அர்த்தம். ஒயரின் மேல் எண்ணெய், மண், கைவியர்வை இருந்தால் பசை பிடிக்காது. துணியால் துடைத்து, மேல்பரப்பை உப்புத்தாள் போட்டு லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். பீடி பற்றவைக்கிற லைட்டரில் சூடு காட்டுகிறார்கள். ஒரு பக்கம் கருகி மறுபக்கம் சுருங்காமல் நிற்கும். ஹாட் ஏர் கன் கேளுங்கள்.

சில பேர் சுயமாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துப் பாதிப்பாதி மேலேறும்படி சுற்றி, அதற்கு மேல் பி.வி.சி. டேப் போடுவார்கள். கை பழகியவர் செய்தால் அதுவும் பல வருடம் நிற்கும். பி.வி.சி. டேப் மட்டும் சுற்றினால் நிற்காது.

இப்போது முக்கியமான வேலை. குழாயை இறக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரில் அந்த ஜாயின்ட்டை ஒரு மணி நேரமாவது ஊறப்போடுங்கள். ஸ்டார்ட்டர் பக்கம் கேபிள் முனைகளைத் தனியாகப் பிரித்துவைத்து, ஒயருக்கும் வாளித் தண்ணீருக்கும் நடுவே 500 வோல்ட் மெகர் (கரன்ட்டுக் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். புது ஜாயின்ட்டும் நல்ல மோட்டாரும் என்றால் முள் பல மெகா ஓம்ஸில் நிற்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் இறக்கவே கூடாது. "இதெல்லாம் எதுக்குங்க, நாங்க நூறு போர் இறக்கியிருக்கோம்" என்று கிரேன்காரர் அவசரப்படுத்துவார். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவையுங்கள். கடைசியாக, கேபிளைக் குழாயோடு கட்டும் இடத்தில் ஜாயின்ட் குழாய்க்கும் போர் சுவருக்கும் நடுவே உரசாதபடி பார்த்துக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு முறை போனது என்றால் எனக்கு அந்த உரசல் மேலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. கழற்றிய பழைய ஜாயின்ட்டை எறியாமல் வைத்திருந்தால், டேப் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா பாருங்கள்.

ஐயா, கல்லூரி புராஜெக்ட்டுக்கு எலக்ட்ரிக் சைக்கிள் செய்கிறோம். சக்கரத்தின் நடுவில் வரும் 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார். மஞ்சள், பச்சை, நீலம் மூன்று தடி ஒயருக்கும் என்ன கனெக்டர் போடுவது?
– பாலிடெக்னிக் மாணவர், சேலம்

250-ஐ 36-ஆல் வகுத்தால் 7 ஆம்பியர் என்று கணக்குப் போட்டு மெல்லிய கனெக்டர் வாங்கிவிடாதீர்கள் தம்பி. அது பேட்டரி பக்கத்து ஆம்பியர். மேடு ஏறும்போது மோட்டார் ஒயரில் அதைவிட நிறையவே ஓடும். மூன்று முள் உள்ள எம்.டி.60 கனெக்டர் போதும். எக்ஸ்.டி.60 என்று கேட்டு வாங்கிவராதீர்கள், அது இரண்டு முள், பேட்டரிக்கானது. தனித்தனி புல்லட் கனெக்டர் போட்டால் ஒவ்வொன்றுக்கும் முழு நீள ஸ்லீவ் ஏற்றுங்கள். இரண்டு ஃபேஸ் உரசினால் கன்ட்ரோலரில் கரன்ட்டை ஓடவிட்டு நிறுத்தும் மாஸ்ஃபெட் அந்த நொடியே போய்விடும்.

மதுரைத் தம்பிக்குச் சால்டர் வேண்டாம் என்றவன் உங்களுக்கு வேண்டும் என்கிறேன், ஏனென்றால் இந்தக் கனெக்டரின் கிண்ணமே சால்டருக்காகச் செய்தது. சால்டர் முடிகிற இடத்தைத் தாண்டி ஒரு அங்குலம்வரை ஸ்லீவ் வரட்டும், அதற்கு அடுத்தாற்போல் ஒயரை ஃபிரேமோடு கட்டிவிடுங்கள். மோட்டாரை நிறுத்தாமல் கனெக்டரைப் பிடுங்குகிற பழக்கம் இருந்தால் முள்ளில் பொறித்தழும்பு விழும். மெல்லிய ஐந்து ஒயர் தனியாக வருமே, அது மோட்டார் எந்த நிலையில் சுழல்கிறது என்று சொல்லும் ஹால் சென்ஸாருக்கு. அதைத் தடி ஒயரோடு சேர்த்துக் கட்டும்போது சிவப்பு ஒயர் எந்த ஃபேஸ் முள்ளிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.